பிட் ஆளுநரின் சென்னைப் படம்: ஆண்டு எது?

நாள் குறிக்கப்படாத பழைய நகரப்படம் ஒன்றை ஆராயப் புகுவோர்க்கு முதலில் எழும் வினா, அது எந்த ஆண்டின் நகரைக் காட்டுகிறது என்பதே. அளந்த ஆண்டு வேறு. அச்சிட்ட ஆண்டு வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் குழப்பத்திற்குத் தாமஸ் பிட்டின் சென்னைப் படம் தக்க சான்று.

புனித ஜார்ஜ் கோட்டையையும் அதன் வடக்கே அமைந்திருந்த கறுப்பர் நகரையும் காட்டும் இப்படம், 'லேட் கவர்னர்' பிட்டின் ஆணைப்படி அளக்கப்பட்டது எனத் தன் தலைப்பிலேயே கூறுகிறது. அவ்வாங்கிலச் சொல்லுக்குக் 'காலஞ்சென்ற' என்றும் 'முன்னாள்' என்றும் இரு பொருள் உண்டு. பிட் மறைந்தது 1726இல். லண்டன் படவரைஞர் ஹெர்மன் மோல் இதன் ஒரு வடிவத்தை அச்சிட்டதும் அவ்வாண்டிலேயே. எனவே படம் காட்டும் நகரும் 1726ஆம் ஆண்டினது என்று கொள்ளத் தோன்றும்.

கோட்டை ஆவணங்களோ வேறு விடை தருகின்றன. பிட் 1698 முதல் 1709 வரையே இங்கு ஆளுநர். அளக்குமாறு அவர் இட்ட ஆணை 1709க்குப் பிற்பட்டதாக இருக்க இயலாது. ஆகவே 'லேட்' என்பதற்கு இங்கு 'முன்னாள்' என்பதே பொருந்தும் பொருள். படம் காட்டுவது பதினெட்டாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளை ஒட்டிய நகரையே.

ஏறத்தாழ பதினேழு ஆண்டு வேறுபாட்டிற்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமா என வாசகர் வினவலாம். வேண்டும் என்பதே நம் விடை. 1707இல் வலங்கை, இடங்கைப் பிரிவினரிடையே ஊர்வலத் தெருக்களைப் பற்றிப் பெரும்பூசல் மூண்டது. வலங்கையினர் பலர் நகரைவிட்டுச் சாந்தோமுக்குப் பெயர்ந்தனர். பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையினர்க்கும் முத்தியால்பேட்டை இடங்கையினர்க்கும் என வகுக்க முற்பட்டது பிட்டின் ஆட்சி. படத்தை 1726இல் வைத்தால் அது தணிந்துபோன பூசலின் பின்னணி மட்டுமே. உரிய காலத்தில் வைத்தாலோ, ஒவ்வொரு தெருவும் வழக்கிற்குரிய பொருளாக இருந்த நாளின் சாட்சியாகிறது.

சென்னையின் பிற படங்களுக்கும் இம்முறையே துணைசெய்யும். சிந்தாதிரிப்பேட்டையின் நெசவாளர் குடியிருப்பு காணப்படின் படம் 1734க்கு முற்பட்டதன்று. கோட்டையை ஒட்டிய பழைய கறுப்பர் நகரின் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர் 1746க்கும் 1749க்கும் இடையில் இடித்தனர். எஞ்சியதை ஆங்கிலேயர் 1757இல் அகற்றினர். ஆயினும் ஓரிடம் படத்தில் இல்லை என்பதை மட்டுமே கொண்டு ஆண்டை முடிவுசெய்தல் தகாது. படவரைஞர் முந்தைய படத்தைப் பார்த்து எழுதுவது பெருவழக்கு.

நாட்களை ஒப்பிடுகையிலும் விழிப்பு வேண்டும். சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானதை அவர்தம் ஏடுகள் 1746 செப்டம்பர் 21 என்கின்றன. ஆங்கில ஏடுகள் செப்டம்பர் 10 என்கின்றன. இரண்டும் ஒரே நாள்தான். ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியைப் பின்பற்றியமையால் வந்த வேறுபாடு அது.

இன்று உயர்நீதிமன்ற வளாகம் நிற்கும் இடத்தில் அப்பழைய நகரின் தெருக்களும் சென்னக்கேசவப் பெருமாள் கோயிலும் இருந்தன. கோயில் பின்னர் பூக்கடைப் பகுதியில் மீண்டும் எழுந்தது, தெருக்கள் எழவில்லை. அவை படத்தில் மட்டுமே வாழ்கின்றன. இடம் இழந்த அத்தெருக்களுக்கு உரிய காலத்தையேனும் பிழையின்றி வழங்குதல் நம் கடன்.