பொடியும் பசையும் தந்த காந்தம்

குளிர்பதனப் பெட்டியின் கதவை மூடும்போது, கடைசி நொடியில் அது தானாகவே இழுத்துக்கொண்டு ஒட்டிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். கதவின் ஓரத்தில் ஓடும் மெத்தென்ற விளிம்புக்குள் ஒரு காந்த நாடா ஒளிந்திருக்கிறது. காந்தம் என்றதும் ஆய்வுக்கூடத்துச் சட்டக் காந்தமும் லாடக் காந்தமுமே நம் நினைவுக்கு வரும். இந்த நாடாவையோ வளைக்கலாம். கத்தரிக்கோலால் வெட்டவும் செய்யலாம். வளையும் காந்தம் எப்படி வந்தது?

கதையின் தொடக்கம் 18-ஆம் நூற்றாண்டு இலண்டனில் இருக்கிறது. கோவின் நைட் என்பவர் மருத்துவம் படித்தவர். ஆனால் புகழ் பெற்றது காந்தங்கள் செய்வதில். 1747-ல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் அவருக்குக் கிடைத்தது. தம் செய்முறைகளை அவர் இரகசியமாகவே வைத்திருந்தார். 1772-ல் அவர் இறந்த பிறகு, 1779-ல் பெஞ்சமின் வில்சன் என்ற நண்பர் அவற்றில் ஒன்றை வெளியிட்டார்.

அந்த முறை இதுதான். இரும்புத் தூளை நீருள்ள தொட்டியில் இட்டுப் பல மணி நேரம் குலுக்க வேண்டும். கலங்கிய நீரை வடித்துத் தெளியவிட்டால், அடியில் மிக நுண்ணிய பொடி தங்கும். அதை உலர்த்தி, ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பிசைந்து, வேண்டிய வடிவில் பிடித்து, நெருப்பருகே வைத்துக் காய்ச்ச வேண்டும். இறுகிய கட்டியைப் பின்னர் காந்தமாக்கலாம்.

இதில் ஒரு வியப்பைப் பாருங்கள்! ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகிறது. அப்படிப் பிணைந்த நெடும் மூலக்கூறுகளையே இன்று பலபடிகள் என்கிறோம். அந்தக் கருத்தை ஹெர்மன் ஸ்டாடிங்கர் முன்வைத்தது 1920-ல். அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, பெயர் தெரியாமலே பலபடியால் பிணைத்த காந்தத்தை நைட் செய்துவிட்டார்.

ஆயினும் அந்த முறை பெருந்தொழிலாக வளரவில்லை. ஏன்? எந்தக் காந்தத்தின் துருவங்களும் அதன் உள்ளேயே ஓர் எதிர்ப்புலத்தை உண்டாக்கும். காந்தம் மெலிந்த தகடாக இருந்தால் அந்த எதிர்ப்புலம் மிகுதி. எஃகு அதைத் தாங்காது. அதனால்தான் பழைய காந்தங்கள் நீண்ட சட்டமாகவோ லாடமாகவோ இருந்தன. பசை இருந்தது, தன் காந்தத்தை விடாப்பிடியாகக் காக்கும் பொடி இல்லை.

அந்தப் பொடி 1950-களில் கிடைத்தது. நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தார் பேரியமும் இரும்பு ஆக்சைடும் சேர்ந்த ஃபெர்ரைட் காந்தத்தை 1952-ல் அறிவித்தனர். இதன் படிகத்தில் காந்தத்துக்கு விருப்பமான ஓர் அச்சு உண்டு. அதிலிருந்து திருப்புவது கடினம். ஏறத்தாழ ஒரு மைக்ரான் அளவுத் துகள்களாக்கினாலும் அந்தப் பிடிவாதம் குறையாது. ஆனால் சுட்ட ஃபெர்ரைட் பீங்கான்போல உடையும். எனவே பொடியை ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ கலந்து நாடாவாக இழுத்தார்கள். நைட்டின் யோசனை மீண்டும் உயிர் பெற்றது.

அது உயிர்களைக் காக்கவும் உதவியது. அந்நாளைய குளிர்பதனப் பெட்டிகள் வெளித் தாழ்ப்பாளால் பூட்டிக்கொள்பவை. அமெரிக்காவில், தூக்கி எறியப்பட்ட பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் வெளியே வரமுடியாமல் மூச்சுத் திணறி இறந்தனர். 1956-ல் அங்கே ஒரு சட்டம் பிறந்தது: 1958 அக்டோபர் இறுதிக்குப் பின் செய்யப்படும் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகளின் கதவு உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும். காற்றுப் புகாமல் மூட வேண்டும். ஒரு குழந்தை தள்ளினாலும் திறக்க வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்து நிறைவேற்றக் காந்த நாடா கைகொடுத்தது. வலிமை குறைந்த காந்தமே இங்கு நல்ல காந்தம்!

அடுத்த திருப்பம் 1983-ல். நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தத்தை ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே அறிவித்தனர். குரோட்டின் முறையில், உருகிய உலோகத்தைச் சுழலும் சக்கரத்தின்மீது பாய்ச்சி மெல்லிய நாடாக்களாக உறையச் செய்வார்கள். அவற்றைப் பொடித்து எபாக்சிப் பசையுடன் அச்சில் அழுத்தினால் மெலிந்த வளையங்கள்கூடத் துல்லியமாக வந்துவிடும். கணினித் தட்டுகளைச் சுழற்றும் சிறு மோட்டார்களில் இவை இடம்பெற்றன.

இதற்கொரு விலையும் உண்டு. பசைக்குக் காந்தம் கிடையாது; பாலில் நீர் கலந்த கதைதான். அத்துடன் இத்துகள்கள் பல திசைகளிலும் நோக்கியிருக்கும். ஆகவே காந்த ஆற்றலில் இவை, சுட்டு இறுக்கிய நியோடிமியம் காந்தத்தின் நான்கில் ஒரு பங்களவே. வலிமையை விட்டுக்கொடுத்து வடிவத்தைப் பெறுகிறோம்.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். ஒட்டும் காந்தத் தாள்கள் இரண்டை, ஒட்டும் பக்கங்கள் சேரும்படி வைத்து மெதுவாக நகர்த்துங்கள். ஒரு திசையில் கடக், கடக் என்று துள்ளும். வடக்கும் தெற்குமாக மாறிமாறி அமைந்த துருவக் கோடுகளை விரல் நுனியில் உணர்வீர்கள். அடுத்த முறை குளிர்பதனப் பெட்டியை மூடும்போது, எண்ணெயில் இரும்புப் பொடியைப் பிசைந்த அந்த மருத்துவரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.