காட்டுக்குள் போன மாதா

மன்னார் மாவட்டத்தின் மடுத் திருத்தலத்தில் வீற்றிருக்கும் சிறிய மாதா சிலைக்கு அது பிறந்தகம் அல்ல, புகுந்த இடம். அதன் பழைய கோயில் கடலோரத்து மாந்தையில் இருந்தது. 1658இல் மன்னாரைப் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்ததும் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை வந்தது. ஒரு குருவானவரை வீட்டில் ஒளித்து வைத்தால் மரண தண்டனை.

1670இல் மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் சிலையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போயின என்பது மடுவின் மரபு வரலாறு. அவர்கள் கடைசியில் தங்கிய இடம் மருதமடு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த இன்னொரு கூட்டமும் அங்கே வந்து சேர்ந்ததாம். கேட்டுக் கேட்டுப் பழகிய இந்தக் கதையில் மாதா பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாள். எனக்கு அது மறுபக்கமாகவும் தெரிகிறது: பூசை வைக்கக் குரு இல்லை, ஊர் இல்லை, காணி இல்லை, ஆனால் தூக்கிச் சுமக்க ஒன்று இருந்தது. அதைச் சுற்றி இருந்தவர்கள் ஒரு சனமானார்கள்.

இங்கே ஒன்றையும் மறைக்கக் கூடாது. மாந்தைக்கு அருகில்தான் திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய சிவத்தலம். அது இடிக்கப்பட்டது போர்த்துக்கீசர் காலத்தில். மடுவின் கதையைச் சொல்லும் கத்தோலிக்கர் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளார், குருவின்றித் தவித்த கத்தோலிக்கரைத் தேடித் தேடிச் சந்தித்தார். பிறகு ஆங்கிலேயர் காலம். ஒளிய வேண்டிய தேவை போயிற்று. 1872இல் பெரிய கோயிலுக்கு அத்திவாரம், 1924 ஜூலை 2இல் சிலைக்கு முடிசூட்டு. ஜூலையிலும் ஆகஸ்டிலும் மரங்களுக்கடியில் கூடாரம் அடித்துச் சனம் தங்கத் தொடங்கியது. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துச் சிங்களவர்களும் வந்தார்கள். சைவர் வந்தார்கள், பௌத்தரில் சிலர் அவளைப் பத்தினித் தெய்வமாகக் கண்டு கும்பிட்டார்கள். பாம்புக்கடிக்கு நல்லதென்று மடு மண்ணைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோனார்கள்.

1990இல் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மறுபடி மூண்டபோது மடு பழைய தொழிலுக்குத் திரும்பியது. பல்லாயிரம் அகதிகள் கோயில் வளவில் கொட்டில் போட்டார்கள். ஆனால் 1999 நவம்பர் 20இல் அதே வளவுக்குள் செல் விழுந்தது. தஞ்சம் புகுந்திருந்தவர்களில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். மாதா ஏன் தடுக்கவில்லை என்ற கேள்விக்கு எந்தப் பிரசங்கமும் எனக்குப் போதவில்லை. போதாமலும் சனம் மடுவுக்கு வந்துகொண்டேயிருந்தது.

2008 ஏப்ரலில் போர்முனை கோயில் வாசலுக்கே வந்தது. ஏப்ரல் 3ஆம் தேதி குருக்கள் சிலையை எடுத்துக்கொண்டு, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த கடலோரத்துத் தேவன்பிட்டிக்குப் போனார்கள். காடு தேடி வந்த சிலை மறுபடியும் கடல் பக்கம் போனது. புலிகள்தான் கொண்டுபோனார்கள் என்றது அரசு; பாதுகாப்புக்காக நாங்களே எடுத்தோம் என்றது திருச்சபை. சிலை யார் பக்கம் என்ற அந்தச் சண்டை எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த மாதங்களில் வன்னிச் சனமும் பாயும் பானையுமாக அதே வழிகளில்தான் இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. ஆகஸ்டில் சிலை மடுவுக்குத் திரும்பியது. வன்னிச் சனத்துக்குப் போரின் கடைசிக் களமான முள்ளிவாய்க்கால் இன்னும் மிச்சமிருந்தது.

2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் மடுவுக்கு வந்தார். சிலை கோயிலை விட்டுப் போன துயர நாளை எந்த இலங்கையராலும் மறக்க முடியாது என்று தம் உரையில் நினைவுகூர்ந்தார். கேட்டு நின்றவர்களில் போரில் பிள்ளைகளை இழந்த தமிழரும் இருந்தார்கள், சிங்களவரும் இருந்தார்கள். ஆகஸ்ட் திருவிழாவுக்கு இன்றும் இரு தரப்பும் ஒரே வளவில்தான் தங்குகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக மெழுகுதிரி கொளுத்தும் தாய்மாருக்கு அரசிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.