இளம்பிள்ளை வாத ஆய்வும் செம்முகக் குரங்கும்

செம்முகக் குரங்கு எனப்படும் ரீசஸ் குரங்கு, இளம்பிள்ளை வாத (போலியோ) ஆய்வில் மிகுதியாகப் பயன்பட்ட விலங்கு. இந்தியாவில் கோதாவரிக்கு வடக்கே வாழும் இனம் இது. நம் கோயில்களில் காணும் நாட்டுக் குரங்கு வேறு.

1908-இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் எர்வின் பாப்பரும், இந்நோயால் இறந்த ஒரு சிறுவனின் தண்டுவடத்தைக் கரைத்து விலங்குகளுக்குச் செலுத்தினர். முயலுக்கும் சுண்டெலிக்கும் ஒன்றும் ஆகவில்லை. குரங்குகளுக்கு நோய் கண்டது. காரணம் வைரஸ் என்பது அடுத்த ஆண்டே தெளிவாயிற்று.

அதன்பின் குரங்கே ஆய்வைத் திசைதிருப்பியது. நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் சைமன் பிளெக்ஸ்னர் ஒரு குரங்கிடமிருந்து எடுத்த வைரஸை அடுத்ததற்கு என மாற்றி மாற்றிச் செலுத்திவந்தார். அந்த வைரஸ் நரம்பை மட்டுமே தாக்கப் பழகிவிட்டது. போதாக்குறைக்கு, இந்த இனத்துக்கு வாய்வழியே போலியோ எளிதில் தொற்றாது. எனவே கிருமி மூக்கு வழியே மூளைக்கு ஏறுவதாக முடிவு கட்டினார். மனிதரிடமோ அது வாய்வழியே புகுந்து குடலில் பெருகுவது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1912-லேயே நோயாளிகளின் குடலில் வைரஸைக் கண்டிருந்தும், பிளெக்ஸ்னரின் செல்வாக்குக்கு முன் அது எடுபடவில்லை. விளைவு: 1937-இல் டொரான்டோவில் குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட் கரைசலைப் பீச்சினார்கள். நோய் தடுக்கப்படவில்லை, சிலர் முகரும் திறனை இழந்ததுதான் மிச்சம்.

1949-இல் ஜான் எண்டர்ஸ் குழுவினர் நரம்பல்லாத திசுவிலும் போலியோ வைரஸ் வளரும் என்று பாஸ்டனில் காட்டினர். பிறகு தடுப்பூசிக்கான வைரஸை வளர்க்கத் தேவைப்பட்டது குரங்கின் சிறுநீரகம். அதைப் பொடியாக நறுக்கி, டிரிப்சின் நொதியால் செல்களைப் பிரித்து, ஊட்டநீர் ஊற்றிய கண்ணாடிக் குடுவையில் வளர்ப்பார்கள். படலமாகப் பரவிய செல்களில் வைரஸை விட்டால் சில நாளில் அவை உருண்டு உதிரும். அந்த நீரை வடிகட்டி, வைரஸைப் பார்மலினால் செயலிழக்கச் செய்ததே ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி. 1955 ஏப்ரல் 12 அன்று அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது.

குரங்குகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றன. அதே ஆண்டு ஜனவரியில், வழியில் லண்டன் விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கான குரங்குகள் மூச்சுத் திணறி இறந்தன. இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. மருத்துவ ஆய்வுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு பின்னர் மீண்டும் அனுமதித்தது. 1960-இல் வேறொரு சிக்கல் வெளிப்பட்டது: சிறுநீரகச் செல்களோடு எஸ்.வி.40 என்ற குரங்கு வைரஸும் தடுப்பூசியில் கலந்திருந்தது.

அமெரிக்கா இக்குரங்குகளைக் கதிர்வீச்சு தொடர்பான ராணுவச் சோதனைகளுக்குப் பயன்படுத்தியது தெரியவந்ததும், 1978-இல் மொரார்ஜி தேசாய் அரசு ஏற்றுமதியை முற்றாகத் தடைசெய்தது.