அழியல, இடம் மாறியிருக்கு!

1972, சிகாகோ. நாலு பசங்களோட அம்மாவான டாக்டர் ஜேனட் ரவுலி, வீட்டுச் சாப்பாட்டு மேசையில குரோமோசோம் போட்டோக்களைக் கத்தரிச்சு ஜோடி சேர்த்துட்டு இருக்காங்க. அம்மா காகித பொம்மை வச்சு விளையாடுறாங்கன்னு பசங்க கிண்டல்!

இதுக்கு ஒரு முன்கதை இருக்கு. நாள்பட்ட மைலாய்டு லுகேமியாங்கிற ரத்தப் புற்றுநோய் வந்தவங்ககிட்ட ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையா இருக்குன்னு 1960-லேயே ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் கண்டுபிடிச்சிருந்தாங்க. அந்தத் துண்டு அழிஞ்சுபோச்சுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க.

புதுச் சாயம் போட்டதும் குரோமோசோம்ல பட்டைகள் தெரிய ஆரம்பிச்சது. ரவுலி கவனிச்சாங்க: 22 குட்டையான அதே செல்லுல 9 கொஞ்சம் நீளமா இருக்கு. நம்ம பாஷையில சொன்னா, அது டெலிட் இல்ல, கட் அண்ட் பேஸ்ட்! 1973-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டாங்க.

அந்த ஒட்டுல ரெண்டு மரபணு சேர்ந்து, எப்பவும் ஆன்லயே இருக்கிற ஒரு புரதத்தை உருவாக்குதுன்னு பின்னாடி தெரிஞ்சது. அதை ஆஃப் பண்ண வந்த மாத்திரைதான் இமாடினிப். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. உயிரைப் பறிச்ச நோய், பலருக்கு தினம் மாத்திரை போட்டு வாழக்கூடிய நோயா மாறுச்சு.

டேட்டா காணோம்னா ‘போயிருச்சு’ன்னு டிக்கெட்டை மூடுற ஆளு நான். இனிமே, வேற எங்க ஒட்டியிருக்குன்னு ஒரு தடவை தேடுவேன். அடுத்த எபிசோடில் பார்ப்போம்!