காய்ச்சல் இறங்கிய பிறகு: வைரஸ் தொற்று, தாளம் தப்பும் இதயம், அச்சம் (பெங்களூரு ஜீவனஹள்ளியை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் படபடப்பு பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகளில் ஒன்றைப் பெறுகிறது: ‘இதயக் கோளாறு’ அல்லது ‘வெறும் பயம்’. இந்தப் பிரிவினை நோயாளிக்கும் உதவவில்லை, மருத்துவருக்கும் உதவவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். தொற்று துடிப்பின் தாளத்தை மாற்றுகிறது. மாறிய தாளத்தை உணரும் மனம் அஞ்சுகிறது. அந்த அச்சம் தாளத்தை மேலும் கலைக்கிறது. இச்சுழலை அறுக்க வேண்டிய இடம் பெரிய இதயநோய் மருத்துவமனை அல்ல; காய்ச்சலுக்கு மருந்தெழுதும் தெருமுனைக் கிளினிக்கே.

1. சிக்கல்

2025 ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலும் பெங்களூரு ஜெயதேவா இதயநோய் மருத்துவமனையில் கூட்டம் அலைமோதியது. ஹாசன் மாவட்டத்தில் ஏறத்தாழ 40 நாள்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாரடைப்பால் இறந்தார்கள் என்ற செய்திதான் காரணம். மாரடைப்பின் அறிகுறி எதுவும் இல்லாதவர்கள்கூட ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடலாம் என்று வந்து வரிசையில் நின்றார்கள். இதற்கு முன்னோடியும் உண்டு. 2021 அக்டோபர் 29 அன்று நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் திடீரென இறந்தபோதும் இதே நகரம் இதே போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியது.

ஹாசன் மரணங்களை ஆராய்ந்த அரசுக் குழு 24 மரணங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் 20 இதயம் சார்ந்தவை, 4 வேறு காரணங்களால் நேர்ந்தவை என்றது. இளவயது இதயநோய்க்கும் கோவிட் தொற்றுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க ஜெயதேவாவில் 251 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில் அப்படியொரு தொடர்பு தென்படவில்லை. அறிக்கைகள் வந்ததும் செய்தி ஓய்ந்தது. ஆனால் ‘போன மாசம் காய்ச்சல் வந்து போச்சு, அப்பலேர்ந்து நெஞ்சு அடிச்சுக்குது, எனக்கும் அப்படி ஆயிடுமா?’ என்று கேட்பவருக்கு இந்த அறிக்கைகளில் பதில் இல்லை. இறந்தவர்களைப் பற்றிய அறிக்கையில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதே நாம் ஆராய வேண்டியது.

2. களம்

ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுனை ஒட்டி, பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் பழைய கிராமம். பிரிட்டிஷ் கன்டோன்மென்ட் காலத்திலிருந்தே தமிழர்கள் வேரூன்றிய பகுதிகளின் நடுவே அமைந்தது. இந்தப் பகுதியின் வரைபடத்திலேயே தொற்றுநோயின் தடம் இருக்கிறது. 1898-இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக்குக்குப் பின், நெரிசலைக் குறைக்கவே பக்கத்திலுள்ள பிரேசர் டவுன் போன்ற விரிவாக்கங்கள் திட்டமிடப்பட்டன.

இன்று இங்கே மழைக்காலத்தின் பெயர் டெங்கு. காவிரித் தண்ணீர் முறை வைத்து வரும் தெருக்களில் டிரம், சம்ப், பிளாஸ்டிக் குடம் எல்லாவற்றிலும் நீர் தேங்கி நிற்கும். ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும். 2024 கோடையில் நகரம் தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்தது. அடுத்து வந்த மழையில் டெங்கு பெருகியது. மாநிலத்தில் பாதிப்பு 25,000-ஐத் தாண்டிய நிலையில், செப்டம்பர் தொடக்கத்தில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்தது.

டெங்கு வந்த வீட்டில் பேச்செல்லாம் ஒரே எண்ணைச் சுற்றித்தான். ‘பிளேட்லெட் எவ்வளவு?’ காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ரத்தம் எடுத்து, எண் இறங்கினால் கலங்கி, ஏறினால் பப்பாளி இலைச்சாற்றுக்கு நன்றி சொல்லி, 50,000-ஐத் தாண்டிக் காய்ச்சலும் விட்டதும் வீட்டுக்கு வருகிறார்கள். மருத்துவத்தைப் பொறுத்தவரை நோய் முடிந்தது. இதயத்தைப் பொறுத்தவரை ஒரு புதிய கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது.

3. உடலில் நடப்பது

காய்ச்சலில் உடல்வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாடி நிமிடத்துக்குச் சுமார் 8 முதல் 10 வரை கூடும். இது இயல்பு. டெங்குவில் காய்ச்சல் விட்டபின் நேர்மாறாக நாடி வழக்கத்தைவிடக் குறைவதுண்டு. மீளும் கட்டத்தில் நாடிக் குறைவும் ஈசிஜி மாற்றங்களும் பரவலாகக் காணப்படுபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009 டெங்கு வழிகாட்டி நூலே குறிப்பிடுகிறது. பெரும்பாலும் சில நாள்களில் தானாகச் சரியாகிவிடும். ஆனால் விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டரில் 48 என்ற எண்ணை நள்ளிரவில் பார்ப்பவருக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருப்பதில்லை.

எல்லாமே இப்படிச் சாதுவானவை அல்ல. வைரஸ் இதயத்தசையை நேரடியாகத் தாக்கலாம். அல்லது வைரஸை எதிர்க்கும் நோயெதிர்ப்பு ஆற்றலே தசையைப் புண்படுத்தலாம். இதுவே இதயத்தசை அழற்சி. இந்த அறிவு நமக்கு மேற்கிலிருந்து மட்டும் வந்ததல்ல. கொழும்பில் பணியாற்றிய ஒபேசேகரவும் ஹெர்மனும் டெங்கு, சிக்குன்குனியா காய்ச்சல்களுக்குப் பின் வந்த இதயத்தசை அழற்சியைப் பற்றி 1972-இலேயே பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார்கள். மறு ஆண்டே அந்நோயாளிகளின் தொடர்நிலையையும் வெளியிட்டார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் நம் காய்ச்சல் வார்டுகளில் பிளேட்லெட்டுக்குக் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்குகூட ஈசிஜிக்குக் கிடைப்பதில்லை.

பிற வைரஸ்களும் விலக்கல்ல. கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு, ஆய்வகத்தில் உறுதியான இன்ஃப்ளுயன்ஸாவை அடுத்த ஏழு நாள்களில் மாரடைப்பு வாய்ப்பு ஆறு மடங்கு இருந்ததாகக் காட்டியது. கோவிட் வந்த சுமார் 1,54,000 அமெரிக்க முன்னாள் படைவீரர்களை ஓராண்டு தொடர்ந்த 2022 ஆய்வில், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக் குலைவு, கோவிட் வராதவர்களோடு ஒப்பிட 1.7 மடங்கு இருந்தது. அவர்கள் பெரும்பாலும் வயது முதிர்ந்த ஆண்கள். ஜீவனஹள்ளியின் இருபத்தைந்து வயது டெலிவரி ஊழியருக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது.

இதோடு மருந்துக்கடையின் பங்கையும் சேர்க்க வேண்டும். சளி, காய்ச்சல் என்று கவுன்டரில் சொன்னால் சீட்டு இல்லாமலே மூன்று மாத்திரை அசித்ரோமைசின் பட்டை கைக்கு வந்துவிடுகிறது. வைரஸுக்கு அது வேலை செய்யாது. சிலருக்கு ஈசிஜியில் ‘க்யூடி’ இடைவெளியை, அதாவது இதயக் கீழறைகள் மின்னளவில் இயங்கி மீளும் நேரத்தை, நீட்டிவிடும். வாந்திக்குத் தரும் ஆன்டான்செட்ரானும் அதையே செய்யக்கூடியது. இரண்டும் சேர்ந்து, வாந்தி பேதியால் பொட்டாசியமும் குறைந்திருந்தால், தாளம் தப்புவதற்கான எல்லாச் சூழலும் கூடிவிடும். மூக்கடைப்பு மாத்திரைகளில் உள்ள ஃபினைலெஃப்ரின் போன்றவையும், இழுப்புக்கு வைக்கும் சால்பியூட்டமாலும் படபடப்பைக் கூட்டுபவை. படபடப்பு என்று வருபவரிடம் நோயைக் கேட்குமுன் கைப்பையிலுள்ள மாத்திரைகளை எடுத்துக் காட்டச் சொல்வது நல்லது.

4. அச்சம் இயங்கும் விதம்

காய்ச்சலுக்குப் பின் அடிக்கடி கேட்கும் முறையீடு ‘ஒரு துடிப்பு விட்டுப் போகுது, அடுத்தது ஓங்கி அடிக்குது’ என்பது. ஈசிஜி தாளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு சிறு கட்டம் 0.04 வினாடி. ஒழுங்கான இடைவெளியில் ஓடும் முனைகளின் நடுவே ஒன்று முந்திக்கொண்டு வந்து நிற்கும். சில சமயம் அகலமாக, வடிவம் மாறி இருக்கும். அதையடுத்து வழக்கத்தைவிட நீண்ட வெற்றுக்கோடு. பிறகு இயல்பான துடிப்பு. முந்திய துடிப்பு அரைகுறையாக நிரம்பிய இதயத்தை அழுத்துவதால் நாடியில் எட்டுவதே இல்லை. அதுதான் ‘விட்டுப் போனது’. நீண்ட இடைவெளியில் இதயம் கூடுதலாக நிரம்பி அடுத்த முறை பலமாக அழுத்துகிறது. அதுதான் ‘ஓங்கி அடித்தது’. நோயாளி சொன்னதில் கற்பனை ஒன்றுமில்லை. தாளில் இருப்பதையே அவர் சொன்னார். ஆரோக்கியமானவர்களுக்கு 24 மணி நேர ஹோல்டர் பதிவு எடுத்தாலும் பெரும்பாலோருக்கு இப்படி முந்திவரும் ஓரிரு மிகைத்துடிப்பாவது இருக்கும். அவர்கள் அதை உணர்வதில்லை.

உணர வைப்பது எது? படுக்கையில் கிடக்கும் நாள்கள், தூக்கமின்மை, நீரிழப்பு, பக்கத்து மாவட்டத்து மரணச் செய்தி, கையில் கட்டிய ஸ்மார்ட்வாட்ச். கவனம் நெஞ்சின் மீது குவிகிறது. அட்ரினலின் சுரக்கிறது. அட்ரினலினோ மிகைத்துடிப்பைத் தூண்டவல்லது. மூச்சு வேகமாகிறது, விரல் மரக்கிறது, அந்த மரத்துப்போதல் மாரடைப்பின் அடையாளமாகப் படுகிறது. ஆக, அச்சம் தாளக் குலைவின் விளைவாகவும் காரணமாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. எது முதலில் வந்தது என்று கேட்பதில் பயனில்லை.

இது கோவிட் காலத்துப் புதுமை அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களிடம் கண்ட படபடப்பு, நெஞ்சுவலி, களைப்பு பற்றி ஜேக்கப் மென்டிஸ் டா கோஸ்டா 1871-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், அந்நோயாளிகளில் பலருக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ முன்னால் வந்திருந்ததைப் பதிவு செய்தார். பின்வந்த தலைமுறைகள் அந்தத் தொற்றை மறந்து, அதை நரம்புத் தளர்ச்சியின் கணக்கில் எழுதின. கோவிடுக்குப் பின் எழுந்து நின்றாலே நாடி எகிறும் நோயாளிகள் திரளாக வந்தபோதுதான் தொற்று மீண்டும் நினைவுக்கு வந்தது.

5. பரிசோதனை மட்டும் ஆறுதல் தருமா?

‘எல்லாம் நார்மல், போய் வாங்க’ என்பது நம் புறநோயாளிப் பிரிவுகளின் வழக்கமான விடை. இது ஆறுதல் தரும் என்பது நம்பிக்கை. சான்று வேறு விதமாக இருக்கிறது. கடுமையான நோய்க்கு வாய்ப்புக் குறைந்தவர்களிடம் நடந்த 14 சோதனை ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான பகுப்பாய்வு, பரிசோதனைகள் அவர்களின் கவலையையோ அறிகுறியையோ குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்று கண்டது. மறுபுறம், நியூசிலாந்தில் நெஞ்சுவலியோடு டிரெட்மில் பரிசோதனைக்கு வந்த 92 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. பரிசோதனைக்கு முன்பே, இயல்பான முடிவு என்றால் என்ன பொருள் என்று விளக்கப்பட்டவர்கள் கூடுதலாக ஆறுதல் அடைந்தார்கள். ஒரு மாதம் கழித்தும் அவர்களிடம் நெஞ்சுவலி குறைவாக இருந்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் தெளிவாவது இதுதான்: ஆறுதலைத் தருவது ஈசிஜி தாள் அன்று, அதற்கு முன் சொல்லப்பட்ட விளக்கம். ஜீவனஹள்ளியிலிருந்து ஒருவர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு, நகரின் மறுகோடியிலுள்ள ஜெயதேவா வரை போய், மூன்று மணி நேரம் காத்திருந்து, ‘நார்மல்’ என்ற சொல்லோடு திரும்புகிறார். துடிப்பு ஏன் விட்டுப்போகிறது என்பது அவருக்கு இன்னும் தெரியாது. இரவில் அது மீண்டும் விட்டுப்போகும்போது, ‘டாக்டர் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டார்’ என்ற முடிவுக்கு வருகிறார். இன்னொரு மருத்துவமனை, இன்னொரு எக்கோ.

‘பயம்தான்’ என்ற தீர்ப்பின் ஆபத்து இதைவிடப் பெரியது. உண்மையான இதயத்தசை அழற்சியோடு வருபவரும் அஞ்சித்தான் வருவார். பயந்திருக்கிறார் என்பதை வைத்து இதயம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

6. ஒரு மறுப்பும் விடையும்

காய்ச்சல் நோயாளி ஒவ்வொருவரிடமும் இதயத்தைப் பற்றிப் பேசினால் இல்லாத பயத்தை நாமே விதைத்துவிட மாட்டோமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மருத்துவர் பேசாத இடத்தில் மௌனம் நிலவுவதில்லை, வாட்ஸ்அப் பேசுகிறது. தடுப்பூசிதான் இளைஞர்களைக் கொல்கிறது என்று ஊரெல்லாம் பேசிய காலத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 18 முதல் 45 வயதினரின் காரணம் புரியாத 729 திடீர் மரணங்களை 2,916 பேரோடு ஒப்பிட்டு 2023-இல் முடிவை வெளியிட்டது. கோவிடுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம், இறப்புக்கு முந்தைய 48 மணி நேரத்தில் மிகையான குடி அல்லது கடும் உடலுழைப்பு ஆகியவை ஆபத்தோடு தொடர்புற்றிருந்தன. இரண்டு தவணை தடுப்பூசி ஆபத்தைக் குறைத்திருந்தது. இந்தச் செய்தி வதந்தி சென்ற தூரத்தில் பாதிகூடச் செல்லவில்லை. அளவோடு முன்கூட்டிச் சொல்வது அச்சத்தை வளர்ப்பதில்லை. தாமதமாகச் சொல்வதுதான் வளர்க்கிறது.

7. செய்யத்தக்கவை

முதலாவது, காய்ச்சல் சீட்டிலேயே மீளும் காலத்தைப் பற்றி நான்கு வரி. இரண்டு மூன்று வாரம் நாடி ஏறி இறங்கலாம், துடிப்பு விட்டு விட்டு அடிக்கலாம். நீர் குடியுங்கள், தூங்குங்கள், உடனே ஜிம்முக்கோ மூட்டை தூக்கவோ போகாதீர்கள். இதைத் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் தர வேண்டும்.

இரண்டாவது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அடையாளங்கள்: மயங்கி விழுதல், உழைக்கும்போது வரும் படபடப்பு, நெஞ்சை அழுத்தும் வலி, படுத்தால் மூச்சுத்திணறல், ஓய்விலும் இறங்காத 120-க்கு மேற்பட்ட நாடி, தலைச்சுற்றலோடு வரும் மிகக் குறைந்த நாடி, குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம். இதயத்தசை அழற்சி உறுதியானால் கடும் உடற்பயிற்சியை 3 முதல் 6 மாதம் தள்ளிவைப்பது நீண்டகாலமாக ஏற்கப்பட்டுவந்த நடைமுறை.

மூன்றாவது, வார்டு தோறும் திறக்கப்பட்ட ‘நம்ம கிளினிக்’ என்ற அரசு மருத்துவ நிலையங்களிலேயே ஈசிஜி. மாரடைப்புக்கு ‘புனீத் ராஜ்குமார் ஹ்ருதய ஜோதி’ திட்டத்தில் சிறிய மருத்துவமனையின் ஈசிஜியை ஜெயதேவா போன்ற மையத்துக்கு அனுப்பிக் கருத்துப் பெறும் வழி ஏற்கெனவே உண்டு. அதே வழியில் காய்ச்சலுக்குப் பிந்தைய ஈசிஜியும் போகலாம். நோயாளி நகரைக் கடக்க வேண்டியதில்லை.

நான்காவது, இதயம் சரியாக உள்ளது என உறுதியான பின்னும் அச்சம் தொடர்ந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு என்று சொல்வது. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் வழிநடத்தும் டெலி-மானஸ் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம். ‘மனசு சரியில்லாதவன்’ என்ற முத்திரையாக இல்லாமல், காய்ச்சலின் எச்சத்துக்கான மருத்துவமாக இதைக் கொடுத்தால்தான் மக்கள் ஏற்பார்கள்.

8. முடிவுரை

காய்ச்சலுக்குப் பின் தாளம் தப்புவதில் பெரும்பகுதி தானாக அடங்கும். சிறுபகுதி உயிரைக் குடிக்கும். இரண்டையும் பிரித்தறிய நாடி பார்க்கும் கையும் ஓர் ஈசிஜியும் ஐந்து நிமிடப் பேச்சும் முதற்கட்டத்துக்குப் போதும். நம் மருத்துவ அமைப்பில் காய்ச்சலுக்கு ஒரு வார்டு, இதயத்துக்கு ஒரு மருத்துவமனை, மனத்துக்கு ஒரு நிறுவனம் இருக்கின்றன. மூன்றுக்கும் இடையில் விழும், காய்ச்சலுக்குப் பிந்தைய அந்த இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான் பொறுப்பாளர் இல்லை. அப்பொறுப்பைக் குடும்ப மருத்துவரிடமும் நம்ம கிளினிக்கிடமும் எழுத்துப்பூர்வமாக ஒப்படைக்காதவரை, அடுத்த மரணச் செய்தி வரும்போதும் ஜெயதேவாவின் வாசலில் கூட்டம் கூடும். உண்மையில் உடனடிச் சிகிச்சை தேவைப்படுபவர் அந்த வரிசையின் பின்னால் எங்கோ நிற்பார்.