விளையாட்டுக்குக் கூலி

பெற்ற பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடியதற்குப் பணம் தருவது என்பது இந்த நூற்றாண்டில் திடீரென்று முளைத்த யோசனை அல்ல. 1997இல் மெக்சிகோ தொடங்கிய புரோகிரெசா திட்டத்தில் அதன் வேர் இருக்கிறது. பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போய், குடும்பத்தார் மருத்துவப் பரிசோதனைக்கு வந்தால் தாயின் கைக்கு ரொக்கம் போகும். பத்தாண்டு கழித்து நியூயார்க் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் இதையே தம் நகரத்துக்குக் கொண்டுவந்தார். ஆசிரியரைச் சந்திக்க வந்த பெற்றோருக்கு 25 டாலர் என்கிற ரீதியில் விலைப்பட்டியலே போட்டார்கள். தனியார் நன்கொடையில் நடந்த அத்திட்டம் குடும்பங்களின் வறுமையைக் கொஞ்சம் தணித்தது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்ணோ அசையவில்லை. 2010இல் மூடிவிட்டார்கள். இரண்டு திட்டங்களுமே குமாஸ்தா பதிவேட்டில் குறித்துக்கொள்ளக்கூடிய காரியங்களுக்குத்தான் காசு கொடுத்தன. வீட்டுக்குள் தாயும் மூன்று வயதுப் பிள்ளையும் பேசிக்கொள்வதை எந்தப் பதிவேட்டில் குறிப்பது?

அதையும் அளந்து பார்க்கத் துணிந்தது சிகாகோ ஹைட்ஸ். சிகாகோவுக்குத் தெற்கே, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் கறுப்பினத்தவரும் பெருவாரியாக வாழும் ஏழை ஊர் அது. 2010இல் பொருளியலாளர்கள் ஜான் லிஸ்ட், ஸ்டீவன் லெவிட், ரோலண்ட் ஃபிரையர் மூவரும் அங்கே பெற்றோருக்கு ஒரு பள்ளி நடத்தினார்கள். வகுப்புக்கு வந்தால் பணம். குழந்தையோடு செய்யச் சொன்ன வீட்டுப்பாடத்தைச் செய்து காட்டினால் பணம். குழந்தை தேறினாலும் பணம். ஆண்டுக்கு 7,000 டாலர் வரை சம்பாதிக்கலாம். ஒரு பிரிவினருக்குக் கையில் ரொக்கம், மற்றவர்களுக்குப் பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கான வைப்பு. பொறுமை, கவனம் போன்ற குணங்களில் குழந்தைகள் நன்றாக முன்னேறினார்கள். எழுத்திலும் எண்ணிலும் மொத்தத்தில் உறுதியான முன்னேற்றம் தெரியவில்லை. பிரித்துப் பார்த்தால் லத்தீன், வெள்ளையினக் குழந்தைகளுக்கு இரண்டிலும் பெரிய பலன், கறுப்பினக் குழந்தைகளுக்கு இரண்டிலும் இல்லை. கொடுத்த விகிதம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆகவே பலனைத் தீர்மானித்தது பணம் மட்டும் என்று சொல்ல வழியில்லை.

இதற்கு முன்பே, 1980களின் நடுவில், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சாலி கிரந்தம்-மெக்கிரகர் குழுவினர் பணமே கொடுக்காமல் ஒரு சோதனை செய்திருந்தார்கள். வயதுக்கேற்ற உயரம் வராத 129 குழந்தைகள். சிலருக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. சிலருடைய வீட்டுக்கு வாரத்துக்கு ஒருமுறை சுகாதார உதவியாளர் போய், ஒரு மணி நேரம் தாயையும் பிள்ளையையும் சேர்த்து விளையாட வைப்பார். கழித்துப்போட்ட பொருள்களில் செய்த பொம்மைகளை அடுத்த வாரம்வரை விட்டுவிட்டு வருவார். சிலருக்கு இரண்டும். சிலருக்கு எதுவுமில்லை. இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது. 20 ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால், வீட்டுக்கு ஆள் வந்து விளையாட வைத்த குழந்தைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். பால்மாவு சம்பாத்தியத்தில் எந்த வித்தியாசத்தையும் விட்டுப்போகவில்லை.

பாசத்துக்கு விலை வைத்தால் பாசம் செத்துவிடும் என்பார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களைச் சாட்சிக்கு அழைப்பார்கள்: பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வந்தால் அபராதம் என்றதும் தாமதம் கூடியது, அபராதத்தை எடுத்த பிறகும் குறையவில்லை. உண்மைதான், ஆனால் அங்கே விற்பனைக்கு வந்தது தவறு செய்யும் உரிமை. சிகாகோ ஹைட்ஸ் கொடுத்தது உழைப்புக்கான கூலி. நேரமே கூலியாக இருக்கும் குடும்பத்தில் ஒரு மாலைப்பொழுதை வகுப்புக்குத் தருவது நிஜமான நஷ்டம். அதை ஈடுகட்டுவதை லஞ்சம் என்று சொல்ல வசதியுள்ளவர்களால்தான் முடியும். பெற்றோருக்குப் பணம் தருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பணம் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் ஆட்சேபம்.

129 குழந்தைகளை வைத்து நாட்டுக்கே வழி சொல்லலாமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. கொலம்பியாவில் அதற்குப் பாதிப் பதில் கிடைக்கிறது. அங்கே அரசின் உதவித்தொகை ஏற்கெனவே வாங்கிவந்த குடும்பங்களில் 1,420 குழந்தைகளைத் தேர்ந்து, சில ஊர்களில் மட்டும் உள்ளூர்த் தாய்மார்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து 18 மாதம் வீடு வீடாக அனுப்பினார்கள். உதவித்தொகை எல்லாக் குடும்பங்களுக்கும் பொது. அறிவு வளர்ச்சி கூடியது ஆள் போன வீடுகளில். ஆனால் வருகை நின்று இரண்டாண்டில் அந்த ஆதாயம் கரைந்துவிட்டது. ஆக, பட்ஜெட்டில் பணம் ஒதுக்குகிறவர்கள் முதல் ரூபாயை வாசலில் வந்து நிற்கும் அந்தப் பெண்ணின் சம்பளத்துக்கு வைக்கட்டும், அதுவும் ஆண்டுக்கணக்கில். பெற்றோருக்கான பரிசு அதற்கு அடுத்தபடிதான்.