அம்பாசிடரா, பத்மினியா?

1989-ல் ஜி.பி.எஃப். முன்பணத்தோடு இரண்டு பழைய கார்களைப் பார்த்தேன். ஒன்று அம்பாசிடர், மற்றொன்று பத்மினி.

ஏன் இந்த இரண்டு மட்டும் என்று என் பேரன் கேட்கிறான். அது லைசென்ஸ் காலம். எந்தக் கம்பெனி எத்தனை வண்டி செய்யலாம் என்பதை டெல்லி தீர்மானித்தது. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை அம்பாசிடராகச் செய்தது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி, இத்தாலியின் ஃபியட் 1100-ஐச் செய்தது. 1970-களில் அதற்கே பத்மினி என்று பெயர் வந்தது. நம் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. புது வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் பழைய வண்டிக்கே கிராக்கி. 1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகுதான் இந்த நிலை மாறத் தொடங்கியது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பழைய வண்டியை அந்த மொழியில் 'ஒக்காசியோன்' என்பார்கள். அதற்கு 'வாய்ப்பு' என்றும் பொருள். குமாஸ்தாவுக்கு அதுதான் சரியான பொருள்!

பத்மினி 1089 சி.சி.; பெட்ரோல் செலவு குறைவு. அம்பாசிடர் 1489 சி.சி. என் சம்பளத்துக்குப் பத்மினிதான் என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் அம்மாவைத் திருமுக்கூடலிலிருந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகத்தானே கார்? மூட்டுவலியால் அவளால் பத்மினியில் குனிந்து ஏற முடியவில்லை. அம்பாசிடரில் தானே ஏறி உட்கார்ந்து, "இது போதும்டா" என்றாள். முன்பணம் போதவில்லை, மனைவியின் வளையலை அடகு வைத்தேன்.

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் கல்வெட்டு, வீரராஜேந்திர சோழன் காலத்தில் இங்கே 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை நடந்ததைச் சொல்கிறது. அது இருந்திருந்தால் எனக்குக் காரே வேண்டியிருந்திருக்காது.